பிரஷ்ஷை உதறாதீர்

போன வாரம் அரசு பஸ் பணிமனைத் தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு சின்ன பாட்டில். வண்டியில் தெறித்த பெயிண்டை ஒரே துடைப்பில் எடுத்துவிடும் மருந்தாம். வாசலில் நின்ற என் சைக்கிளிலேயே செய்து காட்டினார்கள். எப்போதோ கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது தெறித்த வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. மருந்தைத் தொட்டுத் துடைத்தார்கள். வெள்ளை போனது உண்மை. கூடவே சைக்கிளின் பச்சையும் போய் இரும்பு பல்லைக் காட்டியது.

"அது பழைய பெயிண்டுய்யா, அதேன்" என்றான் ஒருவன். நான் சிரித்துவிட்டேன். இதைச் சொல்லிச் சொல்லித்தானே ஒரு மனிதர் எங்கள் உயிரை வாங்கினார்!

அவர்கள் வந்தது பாட்டிலைக் காட்ட அல்ல. தொழிலாளர் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். என்ன எழுதுவது என்று கேட்டேன். "அம்புட்டு வருஷம் கறை எடுத்திருக்கீங்க. ஒங்க கையில எடுபடாத கறைன்னு ஏதாச்சும் உண்டாய்யா?" என்றான் மற்றவன். ஒன்று உண்டு என்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் சோழவந்தான் பக்கம். வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. எல்லாரும் ஒரு கவுளி, நூறு வெற்றிலை, கிள்ளி முடிக்கும் நேரத்தில் நான் ஒரு வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருப்பேன். "இவன் கிள்ளுறதுக்குள்ள வெத்தலை காஞ்சு சருகாயிரும்" என்று என் ஐயாவே சொன்னார். அதனால் மதுரைக்கு அனுப்பினார்கள். ஆரப்பாளையம் போகிற சாலையில் அப்போது ஒரு பஸ் கம்பெனியின் பணிமனை இருந்தது. அந்தக் கம்பெனி இன்று இல்லை. பஸ் கழுவுகிற வேலையில் சேர்ந்தேன். கொடிக்காலுக்கு ஆகாத என் மெத்தனக் கை அங்கே ஒருவர் கண்ணில் பட்டது. பெயிண்ட் அடிக்கிற கொட்டகைக்கு, எங்கள் பேச்சில் செட்டுக்கு, கூப்பிட்டுக் கொண்டார். அவர் போர்மேன் சந்தியாகு.

எங்கள் செட்டுக்குக் கம்பெனி பஸ்கள் மட்டுமல்ல, ஊரில் கார் வைத்திருந்த பெரிய மனிதர்களின் வண்டிகளும் வரும். அடிப்பவர்கள் அடிப்பார்கள். அடித்ததில் அங்கே இங்கே தெறித்ததை எடுப்பது என் வேலை. வெளியில் எங்கேயாவது போய்க் கறையை வாங்கிக்கொண்டு வருகிற வண்டிகளும் என்னிடம்தான் வரும். சுண்ணாம்பு, தார், எண்ணெய் பெயிண்ட், ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் என்று தினம் ஒன்று.

போர்மேன் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. "மேல விழுந்தது என்னன்னு எல்லாப் பயலும் பார்ப்பான். அது எதுமேல விழுந்துச்சுன்னு நீ பாரு." வண்டி வந்ததும் கறையைத் தொடவே விடமாட்டார். கதவைத் திறந்து, உள் மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில் துணியால் ஒரு துளி டர்பன்டைன் ஒற்றிப் பார்க்கவேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஒட்டாவிட்டால் அது சீமையிலேயே அடித்து வந்த கெட்டிப் பெயிண்ட், தைரியமாகக் கை வைக்கலாம். நிறம் ஒட்டினால் பிறகு யாரோ உள்ளூரில் வார்னிஷ் கலந்து அடித்தது, டர்பன்டைன் பக்கமே போகக்கூடாது. இவ்வளவுதான் படிப்பு. மீதியெல்லாம் விரலுக்குத் தானாக வந்தது.

பொங்கல் நெருங்கினால் சுண்ணாம்புக் கறை வரிசை கட்டி நிற்கும். வெள்ளையடிக்கிற சுவருக்குக் கீழேயே காரை நிறுத்திவிட்டு நிற்பது பெரிய வீட்டு டிரைவர்களின் வழக்கம். ஒரு வக்கீலின் டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வறட்டு வறட்டென்று துடைத்துவிட்டு வந்து நின்றான். சுண்ணாம்பில் கிடந்த மணல் கார் முழுக்கக் கோலம் போட்டிருந்தது. சுண்ணாம்பைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. புளியைக் கரைத்து வடிகட்டி, துணியில் நனைத்து மேலே போட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். புளிப்பு பட்டதும் அது தானாக இளகிக் கையோடு வரும். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, கீறலுக்குச் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்துத் தேய்த்து, மெழுகு போடவேண்டும். வக்கீல் வந்து பார்த்தார். பானெட்டை மோந்தும் பார்த்தார். "என்னய்யா, ரசம் வச்சீங்களா இதுல?" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் செட்டில் என் பெயரே ரசம்.

போர்மேனைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். நல்ல உயரம், காக்கி அரைக்கால் சட்டை, முறுக்கிவிட்ட பெரிய மீசை. வேலை முடிந்த வண்டியின் கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து மீசையைப் பார்ப்பார். "மீசை தெரியுதுடா. முடி தெரியலை. இன்னுங் கொஞ்சம் தேய்" என்று எழுந்து போவார். முடி முடியாகத் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். தெரிந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். சட்டைப் பையில் இருக்கிற சின்னச் சீப்பை எடுத்து, அந்தக் கதவைப் பார்த்தே மீசையை ஒரு சீவு சீவிக்கொள்வார். அந்தச் சீவலுக்காக நாங்கள் நாள் முழுக்கத் தேய்ப்போம்.

அவருடைய கோபம் ஒரு தனி ரகம். டேய், ஏலே, கழுதை என்று கூப்பிட்டால் அன்றைக்கு எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம். "வாங்க வீரணன், உக்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டாரானால் அன்றைக்குத் தொலைந்தேன். ஒரு முறை ஒருவன் தார்க் கறையை இரும்புத் தகட்டால் சுரண்டிவிட்டான். அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, "நீங்க தங்கமான மனுஷன். நாளைலேர்ந்து டயர் பக்கம் போயிருங்க" என்றார். அவன் போகிறவரைக்கும் எழுந்து நின்று வழியனுப்பினார். அவன் அழுதுகொண்டே போனான்.

இனி சங்கிலி. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதுகிறவன் அவன்தான். 'மதுரை - சோழவந்தான்' என்று அவன் எழுதிய பஸ் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் ஏறுவதற்கு முன்னால் எழுத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். சுண்ணாம்புக் கயிறு தட்டிக் கோடு போடாமல் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டான். எனக்கும் அவனுக்கும் முதலில் சிநேகிதம், பிறகு உறவு. அவன் தங்கை பேச்சியம்மாளை எனக்குப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பேச்சு முடிவதற்கு முன்னாலேயே அவன் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். நான் மச்சான் என்பேன்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி எடுத்ததும், எழுதப் போகும் முன்னால், இடது பக்கமாகப் பின்னால் ஓர் உதறு உதறுவான். அவனுக்கே தெரியாது. கை தானாகச் செய்யும். சொட்டுகள் விசிறி விரித்த மாதிரி போய் விழும், கீழே நெருக்கமாக, மேலே போகப் போகக் கலைந்து. பின்னால் எந்த வண்டி நின்றாலும் அதன் உடம்பில் அந்த விசிறி விழுந்திருக்கும். எனக்கு அந்தப் பணிமனையில் கிடைத்த வேலையில் பாதி சங்கிலி கொடுத்ததுதான்.

போர்மேன் முதலில் "உதறாதடா" என்றார். பிறகு அவன் இடப் பக்கத்தில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். சாக்கைத் தாண்டியும் விழுந்தது. கடைசியில் ஒருநாள், "சங்கிலி, நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். ஒரு போர்டு எழுதித் தாங்க" என்றார். செட்டில் எல்லாருக்கும் மூச்சு நின்றுவிட்டது. பச்சைப் பலகையில் வெள்ளையாக, 'பிரஷ்ஷை உதறாதீர்' என்று சங்கிலியே எழுதினான். அழகான எழுத்து. அதை அவன் எதிரிலேயே தூணில் மாட்டினார். எழுதி முடிப்பதற்குள் அவன் உதறிய விசிறியை நான்தான் பக்கத்து பஸ்ஸில் துடைத்தேன்.

இப்படி இருக்கையில் யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் பின்னால் கரிவாயு அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. விமானம் வந்து குண்டு போடும் என்று தெருவிளக்குக்கு மூடி போட்டார்கள். கார்களின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்பு அடிக்கவேண்டும், இருட்டில் வண்டி இருப்பது தெரிய மட்கார்டு ஓரத்தில் வெள்ளைக் கோடு போடவேண்டும் என்று உத்தரவு. வெள்ளைப் பெயிண்ட் கடையில் கிடைக்காது. எங்களைப் போன்ற சில பணிமனைகளுக்கு மட்டும் அனுமதியின்பேரில் வரும். சங்கிலி காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளைக் கோடு அடித்தான், நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளைச் சொட்டு எடுத்தேன்.

அந்தச் சமயத்தில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரனைப் போகச் சொல்லிச் சுவருக்குச் சுவர் எழுதினார்கள். பெரும்பாலும் சுண்ணாம்பு. விடிந்ததும் போலீஸார் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். எங்கள் செட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. தம்பியைப் பறிகொடுத்தவர்கள், அண்ணன் ஜெயிலில் இருப்பவர்கள் எல்லாரும் உண்டு. வேலை போய்விடும் என்ற பயம் அதைவிட அதிகமாக உண்டு.

ஒருநாள் காலையில் ஒரு போலீஸ் அதிகாரி தன் காரோடு நேரே பணிமனை வாசலில் வந்து இறங்கினார். கறுப்புக் கார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். இடது பக்கக் கதவு இரண்டிலும் வெள்ளைச் சொட்டுகள். கீழே நெருக்கமாக, மேலே போகப் போகக் கலைந்து, விசிறி விரித்த மாதிரி.

பெற்ற பிள்ளையின் நடையை இருட்டிலும் தெரிந்துகொள்கிற மாதிரி எனக்கு அந்த விசிறியைத் தெரியும்.

அதிகாரி போர்மேனிடம் சொன்னார். முந்தின ராத்திரி ஒரு சிநேகிதர் வீட்டில் விருந்தாம். வெளியே சுவரோரம் கார் நின்றிருக்கிறது. விளக்கில்லாத தெரு, கறுப்புக் கார். எவனோ அந்தச் சுவரில் வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் எண்ணெய் பெயிண்டில். கழுவினால் போகவில்லை, கொத்தித்தான் எடுக்கவேண்டும்.

"எழுத்து கோணல்மாணலா இருக்கு. ஆனா எழுதுனவன் பெயிண்டர்தான்" என்றார் அதிகாரி. "முக்கி எடுத்ததும் பின்னால உதறியிருக்கான். சாதாரண ஆளுக்கு இந்தப் பழக்கம் வராது. இப்படி உதறுற ஆளு எவன்னு கண்டுபிடிச்சாப் போதும். ஊர்ல உள்ள பெயிண்ட் ஷாப் ஒவ்வொண்ணா பார்க்கப் போறேன்."

போர்மேன் கதவைப் பார்த்தார். மீசை அசையவில்லை. "சரிங்கய்யா" என்றார்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல பெரிய துரையை வரவேற்கணும். சாயங்காலத்துக்குள்ள கார் சுத்தமாகணும். மட்கார்டு வெள்ளைக் கோடும் மங்கிப்போச்சு. அதை இப்ப அடிக்க வேண்டாம். நான் திரும்பி வந்ததும் உங்க பெயிண்டர் ஒவ்வொருத்தரும் என் முன்னால ஆளுக்குக் கொஞ்சம் அடிக்கட்டும். ஒருத்தன்கூட லீவு போடக் கூடாது."

சொல்லிவிட்டு வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார். வாசலில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு உட்கார்ந்தார்.

சங்கிலி செட்டின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் போய் நின்றேன்.

"மச்சான், நீதேனா?"

"கார் நின்னதே தெரியலை மாப்ள. கும்மிருட்டு. எழுத்த மாத்தி எழுதணும்னு அம்புட்டு கவனமா இருந்தேன். கோணலா எழுதுறதுதேன் எம்புட்டு சிரமமா இருந்துச்சு தெரியுமா? கோடு போடாம, அளவில்லாம... கை வரவே மாட்டேங்குது. எழுத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். கை உதறுனது எனக்குத் தெரியலையே!"

வேறு யாராவது எழுதியிருந்தால் பெயிண்டைச் சுவரெல்லாம் வழியவிட்டிருப்பான். இவன் பெயிண்டர். வழியக்கூடாது என்று உதறியிருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அவன் கையைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. அந்தக் கையைத்தான் முதலில் ஒடிப்பார்கள்.

"ஓடிரவா மாப்ள?"

"ஓடுனா நீதேன்னு நீயே சொன்ன மாதிரி ஆயிரும். சாயங்காலம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உதறாம அடி. போதும்."

அவன் ஒரு காய்ந்த பிரஷ்ஷை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினான். எடுத்தான். கை தானாகப் பின்னால் போய் உதறியது. தண்ணீர் என் வேட்டியில் விசிறியாக விழுந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முக்கினான். மறுபடியும் உதறினான். நான் அவனை அப்படியே விட்டுவிட்டுக் காரிடம் வந்தேன்.

கதவின் உள் மடிப்பில் டர்பன்டைன் ஒற்றிப் பார்த்தேன். துணியில் கறுப்பு ஒட்டியது. உள்ளூர் வார்னிஷ். போதாததற்கு வெள்ளைச் சொட்டு ஒரு ராத்திரிதான் காய்ந்திருந்தது. பால் ஆடை மாதிரி மேலே தோல் பிடித்து உள்ளே இளக்கமாக இருந்தது. துடைத்தால் தோல் கிழிந்து வெள்ளை எல்லாப் பக்கமும் இழுபடும். சுரண்டினால் கறுப்பும் கூட வரும். என் வாழ்நாளில் அதைவிட மோசமான கதவு வந்ததில்லை.

ஆளிவிதை எண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டில் காய்ச்சி, பஞ்சில் நனைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் பொட்டு மாதிரி ஒட்டினேன். பஞ்சு ஆற ஆற மாற்றினேன். எண்ணெய் மெதுவாக உள்ளே இறங்கி, சொட்டு கதவை விட்டுப் பிடி தளரும். எப்போது தளர்ந்தது என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். பனைமட்டையில் சீவி வழவழப்பாக்கிய சின்னத் தகடு ஒன்று என்னிடம் உண்டு. அதைச் சொட்டின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்க்கத் தள்ளினால், முழுசாகக் கழன்று தகட்டின் மேல் வந்து உட்காரும். வெளியே பார்க்கத் தள்ளினால் கெட்டது. ஒவ்வொரு சொட்டுக்கும் துணியின் புது இடம். ஒன்று எடுத்து முடித்ததும் அடுத்தது.

வேலை நடக்க நடக்க எனக்கு நிதானம் வந்தது. சங்கிலிக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அந்த அதிகாரி திரும்பி வரும்போது, விசிறி என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே கதவில் இருக்கக்கூடாது. காரை நன்றாகத் துடைக்கச் சொன்னதும் அவரேதான். நான் சொன்ன வேலையைச் சொன்னதைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் போர்மேன் செட்டைச் சுற்றி வந்தார். தொட்டியோரம் நின்ற சங்கிலியின் ஈர பிரஷ்ஷையும் ஈரத் தரையையும் பார்த்தார்.

"வாங்க சங்கிலி. சாப்பிட்டீங்களா?" என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துபோனது. இவர் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். விதி மீறினால் சொந்தத் தம்பியைக்கூட டயர் பக்கம் அனுப்புகிற மனிதர். போர்மேன் என்ற பட்டம், பெயிண்ட் அனுமதி, எங்கள் அத்தனை பேர் பிழைப்பு எல்லாம் அவர் தலையில். யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சொட்டெல்லாம் போன பிறகு கதவில் நீர்த்தடம் மாதிரி வெளுப்பு நின்றது. சீமைச் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் குழைத்து, கட்டைவிரல் மேட்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பிறகு மெழுகு. பிறகு வெறும் துணி. வெயில் சாய்கிற நேரம் கதவில் செட்டின் ஓட்டுக்கூரை தெரிந்தது.

அதிகாரி வந்தார். கதவைப் பார்த்ததும் குனிந்தார். தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நல்லாப் பண்ணியிருக்கே" என்றார். எனக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறவில்லை.

நாற்காலி போட்டார்கள். வெள்ளைப் பெயிண்ட் டப்பா வந்தது. சங்கிலியும் மற்ற இரண்டு பெயிண்டர்களும் வரிசையாக நின்றார்கள். அதிகாரி உட்காரப் போனவர், தூணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். 'பிரஷ்ஷை உதறாதீர்.' அவர் அதைச் சத்தமாகவே படித்தார்.

நாங்கள் யாருமே அந்தப் போர்டை நினைக்கவில்லை. பழகிப்போனதால் அது எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. காலையிலிருந்து கதவைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, தலைக்கு மேல் சாட்சி தொங்குவது தெரியவில்லை.

"இது யாருக்காக மாட்டினது, போர்மேன்?"

சங்கிலி கண்ணை மூடிக்கொண்டான்.

போர்மேன் மெதுவாக வந்து சங்கிலியின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினார். "எனக்காகத்தேங்கய்யா" என்றார்.

டப்பாவில் பிரஷ்ஷை மொத்தமாக முக்கினார். எடுத்தார். இடது பக்கமாகப் பின்னால் ஓர் உதறு உதறினார் பாருங்கள், அப்படி ஓர் உதறலைச் சங்கிலிகூட உதறியதில்லை. சொட்டுகள் விசிறியாகப் போய் அந்தப் போர்டின் மேலேயே விழுந்தன. மீசையில் ஒரு சொட்டு தெறித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் குனிந்து மட்கார்டில் கோடு போட்டார். நிமிர்ந்து மறுபடியும் முக்கினார், மறுபடியும் உதறினார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

"என்னய்யா இது, போர்டை மாட்டி வச்சிட்டு நீரே உதறுறீர்?"

"கைப்பழக்கம்ங்கய்யா. விடணும்னுதேன் பார்க்குறேன். இந்தத் தொழில்ல பாதிப் பேருக்கு இது உண்டு. டேய், அடுத்தவன் வா."

அடுத்தவன் புரிந்துகொண்டான். வாழ்க்கையில் உதறாதவன், வந்து முக்கி ஓர் உதறு உதறினான். அவனுக்கு அடுத்தவனும் உதறினான். அவன் உதறியது என் மேல் பாதி விழுந்தது. அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் சங்கிலி. பிரஷ்ஷை வாங்கி முக்கினான். எடுத்தான். கை நின்ற இடத்திலேயே நின்றது. டப்பா விளிம்பில் பிரஷ்ஷை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதமாக வழித்துவிட்டு, குனிந்து, மயிரிழை பிசகாமல் கோட்டை முடித்தான். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

அதிகாரி எழுந்தார். "இந்த ஆளு ஒருத்தர்தான் ஒழுங்கா வேலை பார்க்கிறார். இவரைப் பார்த்து மத்தவங்க கத்துக்கங்க. நீரும்தான், போர்மேன்."

"ஆகட்டுங்கய்யா" என்றார் போர்மேன்.

கார் போனது. அதிகாரி வேறு எந்தப் பெயிண்ட் ஷாப்புக்கும் அதற்காகப் போனதாக நான் கேள்விப்படவில்லை. ஊரில் பாதிப் பேர் உதறுகிறார்கள் என்றால் யாரைப் பிடிப்பது? கார் கண்ணுக்கு மறைந்ததும் சங்கிலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போர்மேன் எங்களைப் பார்க்கவே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, மீசையில் வெள்ளைச் சொட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை செட்டுக்குள் நுழையும்போதே, "ஏலே சங்கிலி, கழுதை, சோழவந்தான் பஸ் நிக்குதுடா" என்று கத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

"நீ எப்படி உதறாம அடிச்ச மச்சான்?" என்று பிறகு கேட்டேன்.

"நான் எங்க அடிச்சேன்? அவரு உதறுனதப் பார்த்ததும் கை மரத்துப் போச்சு மாப்ள. அவரு, அந்த மனுஷன், எனக்காகப் பிரஷ்ஷை உதறுறாரு. அதுக்கு மேல நான் எப்படி உதறுவேன்?"

அன்றைக்கு நின்ற கை கடைசி வரைக்கும் உதறவில்லை. எனக்குத்தான் வேலை பாதி குறைந்துபோனது. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. போர்மேன் வந்திருந்தார், முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கினார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அது அப்படியே கிடந்தது.

சில வருஷம் கழித்துச் சுதந்திரம் வந்தது. அன்று காலை எல்லா பஸ்ஸுக்கும் தோரணம் கட்டினோம். செட்டில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்த போர்மேன், சங்கிலியிடம் வந்ததும் நின்றார்.

"ஏன்டா, அன்னைக்குச் சுவத்துல எழுதுனியே, நானும் போய்ப் பார்த்தேன். எழுத்து ஏன்டா அம்புட்டுக் கோணல்? என் செட்டுல இருந்துக்கிட்டு அப்படியா எழுதுவ?"

"ஐயா, அது வேணும்னேதேன்..." என்று சங்கிலி இழுத்தான்.

"வேணும்னே எழுதுனாலும் கோணல் கோணல்தேன். கோடாவது போட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு அவன் வாயில் மிட்டாயைத் திணித்தார். செட்டே சிரித்தது. சங்கிலி சிரித்துக்கொண்டே அழுதான். நான் மட்டும் என்ன, நானும்தான்.

எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷ வேகம். தூணில் அந்தப் போர்டு தொங்கியது. பச்சைப் பலகை, சங்கிலியின் அழகான எழுத்து, அதன் மேல் குறுக்கே போர்மேன் உதறிய விசிறி. அத்தனை வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை. இனி என்ன பயம், நல்ல நாளில் சுத்தமாக இருக்கட்டும் என்று எண்ணெயும் பஞ்சும் பனைமட்டைத் தகடும் எடுத்துக்கொண்டு போய்ப் போர்டைக் கழற்றினேன்.

பின்னால் குரல் கேட்டது.

"வாங்க வீரணன். நீங்க அதைத் தொட வேண்டாம்."

மாட்டிவிட்டு வந்துவிட்டேன். செட்டை இடித்தபோது போர்டைச் சங்கிலி கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் காலத்துக்குப் பிறகு தங்கையிடம் வந்தது. இப்போது என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தோறும் பேச்சியம்மாள் அதைத் துடைக்கும்போது, "மெதுவா, மெதுவா, சொட்டு பேர்ந்துரப் போகுது" என்று நான் நாற்காலியிலிருந்து கத்துகிறேன். தம்பிகளே, நீங்கள் அந்த பாட்டிலோடு வந்த அன்றைக்கு அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தீர்கள்.